நிறுத்தத் தெரிந்த பிறகு ஓட்டலாம்

(மதுரையில் பழைய மோட்டார் வண்டிகளைப் பற்றி நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருவாரூர் ஆழித்தேர் 1948-க்குப் பிறகு ஓடாமல் நின்றுபோயிற்று. மீண்டும் அது வீதிக்கு வந்தது 1970-ல். இடையில் 22 ஆண்டுகள். அலங்காரமெல்லாம் ஏறிய பிறகு அந்தத் தேர் ஏறத்தாழ 300 டன் எடை வரும் என்பார்கள். வடம் பிடிக்க நம் ஊர்களில் கைகளுக்கு என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை. ஆகவே அப்படியொரு தேரை எழுப்பும்போது ‘நகருமா’ என்று கேட்பதைவிட ‘நகர்ந்தால் நிற்குமா’ என்று கேட்பதே அறிவு. இன்று அந்தத் தேருக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் இருக்கின்றன. செய்து பொருத்தியது திருச்சி பெல் நிறுவனம். நம் மதுரையில் சித்திரைத் திருவிழாவின்போது மாசி வீதிகளில் தேர் வருவதைப் பார்த்திருப்பீர்கள். வடத்தில் ஆயிரக்கணக்கானோர் இருப்பார்கள். சக்கரத்தை ஒட்டி முட்டுக்கட்டையோடு நடப்பவர்கள் மிகச் சிலர். வடத்தைப் பிடிக்க ஆர்வம் போதும். கட்டை போடுவதற்குப் பழகிய கண்ணும் கையும் வேண்டும். அந்த முட்டுக்கட்டைக்காரரின் அறிவைத்தான் இன்று ஒரு பழைய மோட்டார் காருக்குக் கொண்டுவந்து பேசப் போகிறேன்.

நெடுங்காலம் நின்றுபோன ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை, மெக்கானிக் வேலையை இப்போதுதான் கற்கத் தொடங்கும் ஒருவர் எழுப்ப முடியுமா? முடியும் என்பது என் கட்சி. ஆனால் ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் நம் பக்கத்தில் அதற்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். இரண்டு பேர் மட்டும் அமரும், கூரை திறந்த பிரிட்டிஷ் வண்டிகள் தென்மாவட்டங்களில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே வந்திருக்கும். ஆனால் அவற்றில் ஒன்றின் உடன்பிறப்பு சென்னையை அடுத்த வண்டலூரிலேயே தயாரானது. 1948-ல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961 முதல் அங்கே தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டுதான் அது. இத்தாலியின் டூரின் நகரத்து ஜியோவன்னி மிக்கெலோட்டி வரைந்த வடிவம். இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் 1959-ல் வெளிவந்தது. அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தை நீளம் குறைத்து, அதே முன்சக்கர அமைப்பை வைத்து, அதே குடும்பத்து இன்ஜினைக் கொஞ்சம் பெரிதாக்கி 1962-ல் கொண்டுவந்ததுதான் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். உலகம் முழுவதும் இளைஞர்கள் ஆசைப்பட்டு வாங்கிய அந்த ஸ்போர்ட்ஸ் கார் 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேல் விற்றது. நம் பெரியவர்கள் குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போன ஹெரால்டும் லண்டன் கண்காட்சி மேடையில் ஏறிய ஸ்பிட்ஃபயரும் ஒரே எலும்புக்கூட்டின் மேல் நிற்பவை. சோழவரத்துப் பழைய விமான ஓடுபாதையில் சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களில் ஃபியட், அம்பாசிடரோடு ஹெரால்டும் ஓடியிருக்கிறது. ஆகவே ஹெரால்டை வைத்து நான் பேசுவதில் வலிந்து பொருள்கொள்ளல் எதுவும் இல்லை.

கற்பவருக்கு இந்த வண்டி ஏன் பொருத்தம் என்பதற்கு ஒரு சரித்திரக் காரணம் உண்டு. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஐம்பதுகளில் கார்த் தொழில் தனி அடிச்சட்டத்தைக் கைவிட்டு, உடலையே சட்டமாக்கும் முறைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனத்துக்கும் அந்த ஆசைதான். ஆனால் அதற்கு உடல்கூடு செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்டு லட்லோ ஆலையை 1953-ல் போட்டி நிறுவனமான பி.எம்.சி. வாங்கிவிட்டது. ஒரே துண்டாகப் பெரிய கூட்டை அடித்துத் தர வேறு ஆலை அமையவில்லை. வேறு வழியின்றி, பழைய முறையில் ஒரு தனி அடிச்சட்டத்தைப் போட்டு, உடலைப் பல துண்டுகளாகச் செய்து போல்ட் போட்டு முடுக்கினார்கள். வண்டிகளைப் பகுதி பகுதியாகக் கப்பலில் அனுப்பி வெளிநாட்டில் பூட்டுவதற்கும் இது வசதியாக அமைந்தது. அன்றைக்கு நெருக்கடியில் எடுத்த அந்த முடிவு இன்றைக்குக் கற்பவருக்குக் கிடைத்த கொடை. முன்பக்கத்து மூடியும் இரு பக்கத்து மட்கார்டும் ஒன்றாகச் சேர்ந்து முன்னோக்கிச் சாயும். சாய்த்துவிட்டால் இன்ஜின், ஸ்டியரிங், முன்சக்கர அமைப்பு எல்லாம் கண்முன்னே திறந்து கிடக்கும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே இக்னிஷன் பாயின்ட்டைச் சரிசெய்யலாம். எந்தத் துண்டு எதோடு எப்படிச் சேர்கிறது என்பது ஒளிவுமறைவின்றித் தெரியும். கழற்றிய வழியே திரும்பப் பூட்டலாம்.

நின்ற வண்டி எழும் என்பதற்கு ஸ்பிட்ஃபயரின் பிறப்பே சான்று. மிக்கெலோட்டி செய்து கொடுத்த முதல் மாதிரி வண்டி, நிறுவனத்திடம் பணம் தீர்ந்துபோனதால், கவென்ட்ரி ஆலையின் ஒரு மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. 1961-ல் லேலண்டு நிறுவனம் ஸ்டாண்டர்டு-டிரையம்பை வாங்கியது. நம் எண்ணூரின் அசோக் லேலண்டு பெயரில் இருக்கிற அதே லேலண்டுதான். புதிதாக வந்த நிர்வாகிகள் ஆலையைச் சுற்றிப் பார்க்கும்போது துணியை விலக்கிப் பார்த்தார்கள், செய்யலாம் என்றார்கள். அந்தத் துணியை விலக்காமலேயே யாராவது மூலையைக் காலிசெய்யச் சொல்லியிருந்தால் இரும்புக் கடைக்குப் போயிருக்கும். நம்மிடமும் ஷெட்டில், மாட்டுக் கொட்டகையில், தார்ப்பாயின் அடியில் அப்படி நிற்கிற வண்டிகள் உண்டு. வண்டலூர் ஆலை 1988-ல் மூடப்பட்டது. இனி ஒரு புது ஹெரால்டு வரப்போவதில்லை. இருப்பதில் ஒன்று காயலான் கடையில் நசுங்கினால் ஒன்று குறைந்தது என்பதுதான் கணக்கு.

இனி என் வாதத்துக்கு வருகிறேன். நெடுங்காலம் நின்ற வண்டிகளில் பெரும்பாலானவை நிற்கிற காலத்தில் சாவதில்லை. எழுப்பப் பார்க்கிற முதல் நாளில்தான் சாகின்றன. இன்ஜினுக்குள் என்ன நடந்திருக்கிறது என்று பார்ப்போம். ஓட்டம் நின்றதும் எண்ணெய் மெல்ல மெல்ல வடிந்து அடியிலுள்ள சம்ப்பில் தங்கிவிடும். கிராங்க் தண்டு உட்காரும் மூன்று பேரிங்குகளும் உலர்ந்துபோகும். வால்வு திறந்த நிலையில் நின்றுபோன சிலிண்டருக்குள் ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்று போய்வரும். பிஸ்டனின் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு மெல்லிய துருவால் ஒட்டிக்கொள்ளும். இத்தனையும் மீளக்கூடிய சேதம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துரு இளக்கும் எண்ணெய் விட்டு, நாட்கணக்கில் ஊறவைத்தால், அந்தத் துரு இளகும். பிறகு கிராங்க் நட்டில் ஸ்பானர் போட்டு, கையால், இருபக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்தால் பெரும்பாலும் சுற்றிவிடும். இதற்கு மாறாக, வண்டி கிடைத்த உற்சாகத்தில் அன்றைக்கே புது பேட்டரியை மாட்டி செல்ஃப் அடித்தாலோ, கயிறு கட்டி இழுத்து கியரைப் போட்டாலோ, ஒட்டியிருந்த ரிங் உடையும், சுவர் கீறும், உலர்ந்த பேரிங் தேயும். பல ஆண்டுகள் மழையும் வெயிலும் செய்யாத சேதத்தை அந்த ஒரு நிமிடம் செய்துவிடும். ‘நல்லாத்தான் இருந்துச்சு, ஸ்டார்ட் பண்ணினோம், போச்சு’ என்று பட்டறைகளில் சொல்லக் கேட்கலாம். அந்த வாக்கியத்துக்குள்ளேயே காரணமும் இருக்கிறது.

மதுரைச் சமவெளியில் இந்தச் சேதத்தின் முகம் கொஞ்சம் வேறு. கடலோரத்து உப்புக்காற்று இங்கே இல்லை. சென்னையில் நின்ற வண்டியைவிட இங்கே நின்ற வண்டியின் தகடு தேறும். அந்த லாபத்தை வெயில் வேறு வழியில் வசூலித்துவிடும். ரப்பர் என்று வண்டியில் எங்கெல்லாம் இருக்கிறதோ, ஹோஸ், புஷ், சீல், டயர் அத்தனையும் வெடித்துப் பாளம் பாளமாகிவிடும். டயரின் பட்டன் தேயாமல் இருக்கிறதே என்று பார்த்து ஏமாறக் கூடாது. அதன் பக்கச் சுவரில் வாரத்தையும் ஆண்டையும் காட்டும் நான்கு இலக்கம் இருக்கும், அதுவே இல்லாத அளவு பழையதென்றால் யோசிக்கவே வேண்டாம். எலி ஒயரைக் கடித்திருக்கும். அடுத்தது தண்ணீர். இந்தப் பக்கத்துப் போர் தண்ணீரில் உப்பு அதிகம். அதையே ஆண்டுக்கணக்கில் ரேடியேட்டரில் ஊற்றியிருப்பார்கள். கெட்டிலில் படிவதுபோல இன்ஜினின் நீர்ப்பாதையில் பொருக்கு படிந்திருக்கும். கூடவே, சூடு ஏறுகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கம் நம் பட்டறைகளில் வேரோடியிருக்கிறது. அது தவறான வைத்தியம். அடைப்பை எடுக்காமல் கதவைப் பிடுங்கிப் போட்ட கதைதான். இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் பெட்ரோல் குடிக்கும், தேய்மானமும் கூடும். ரேடியேட்டரைக் கழற்றிப் பட்டறையில் கொடுத்து உள்ளே சுத்தம் செய்து, காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலன்ட்டும் ஊற்றி, தெர்மோஸ்டாட்டை அதன் இடத்தில் வைப்பதே முறை. பழைய பெட்ரோலின் நிலையோ மூக்குக்கே தெரியும். வார்னிஷ் வாடை அடிக்கும். அது கார்புரேட்டரின் ஜெட்டுக்குள் பிசினாக உறைந்திருக்கும். டேங்கைக் கழற்றிக் கழுவும் வரை அதிலிருந்து ஒரு சொட்டுகூட இன்ஜினுக்குப் போகக் கூடாது. முதல் ஓட்டத்துக்குத் தனியாக ஒரு சிறிய கேனும் புது ஹோஸும் ஃபில்டரும் போதும்.

இவ்வளவும் சொன்ன பிறகும், முதல் வேலை இன்ஜின் என்று நான் சொல்ல மாட்டேன். எண்ணெய் விட்டு ஊறவைத்துவிட்டு, பிரேக்குக்குப் போங்கள். ஹெரால்டின் ஹைட்ராலிக் பிரேக் ஒற்றை வழி கொண்டது. இன்றைய கார்களில் ஒரு பக்கம் கசிந்தாலும் மறுபக்கம் பிடிக்கும்படி இரண்டு வழிகள் உண்டு. இதில் ஒரே குழாய். எந்த ஒரு சக்கரத்தில் ஒரு சீல் போனாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. பல ஆண்டுகள் நின்றால் அந்த ஈரம் சக்கரத்தின் சிறு சிலிண்டர்களுக்குள் துருவாகும், பிஸ்டன் இறுகும். வெளியே நன்றாகத் தெரியும் ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி வழியை அடைத்திருக்கும். மிதித்தால் பிடிக்கும், விட்டால் விடாது. இதையெல்லாம் பெடலை மிதித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கழற்றித்தான் பார்க்க வேண்டும். டிரம்மைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் தூசியை ஊதவோ ஏர் அடிக்கவோ கூடாது. அந்தக் காலத்து லைனிங்கில் கல்நார் உண்டு, ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். வண்டியின் அடியில் படுக்கும்போது ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது, செங்கல் அடுக்கை நம்பவே கூடாது. இரும்பு ஸ்டாண்டு வைத்த பிறகுதான் தலையை உள்ளே நீட்ட வேண்டும்.

பிரேக்குக்கு அடுத்தபடி ஹெரால்டுக்கும் ஸ்பிட்ஃபயருக்கும் பொதுவான ஒரு சிறு துண்டைச் சொல்லியே ஆக வேண்டும். முன்சக்கரம் திரும்பும் அச்சின் அடியில் டிரன்னியன் என்று ஒரு பித்தளைத் துண்டு இருக்கிறது. அதற்குள் மறை வெட்டியிருக்கும். சக்கரத்தைத் தாங்கும் தண்டு அந்த மறைக்குள்ளேயே சுழலும். அதற்குக் கெட்டியான கியர் ஆயில் விட வேண்டும் என்பது செய்தவர்களின் விதி. பட்டறைகளில் வழக்கத்தால் கிரீஸ் அடித்துவிடுவார்கள். கிரீஸ் மறைக்குள் இறங்காது. உள்ளே தண்ணீர் தங்கும், தண்டு அரிக்கும், ஒரு நாள் திருப்பத்தில் ஒடியும். ஒடிந்தால் சக்கரம் படுத்துவிடும். இன்ஜின் நின்றால் வண்டி ஓரமாகப் போய் நிற்கும், அவ்வளவுதான். இந்தத் துண்டு உடைந்தால் ஆளுக்கே ஆபத்து. நின்ற வண்டியைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ‘இன்ஜின் ஓடுமா’ என்று கேட்கிறார்கள். டிரன்னியனில் எண்ணெய் இருக்கிறதா என்று கேட்கிறவரைத்தான் நான் அறிந்தவர் என்பேன்.

இங்கே ஒரு கடுமையான மறுப்பு எழும், எழ வேண்டும். ‘பிரேக்கும் ஸ்டியரிங்கும் உயிர் சம்பந்தப்பட்டவை. கற்றுக்குட்டியின் கையில் அதைக் கொடுக்கலாமா? பழகிய மெக்கானிக்கிடம் வண்டியை விட்டுவிடுவதுதானே பொறுப்பு?’ இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். ஆனால் பட்டறையின் பொருளாதாரத்தையும் பார்க்க வேண்டும். ஒரு நாளில் எத்தனை வண்டி முடித்தனுப்புகிறார் என்பதில்தான் ஒரு மெக்கானிக்கின் வீட்டில் அடுப்பு எரிகிறது. பிஸ்டன் பத்து நாள் எண்ணெயில் ஊறட்டும் என்று ஓர் இடத்தை ஒதுக்க அவரால் முடியாது. இன்று தொழிலுக்கு வரும் பிள்ளைகள் ஸ்கேனரும் இன்ஜெக்‌ஷனும் படித்தவர்கள். பாயின்ட் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் அறுபது, எழுபது வயதைக் கடந்துகொண்டிருக்கிறார்கள். நின்ற வண்டிக்கு முதல் தேவை பொறுமையான நாட்கள். அவை சம்பாதிக்க வேண்டிய கட்டாயம் இல்லாத கற்பவரிடம்தான் இருக்கின்றன. அவருக்குத் தெரியாது என்பதே அவரைப் புத்தகத்தைப் பார்க்க வைக்கும், படம் எடுத்துக்கொள்ள வைக்கும், ஒவ்வொரு நட்டையும் சீட்டு எழுதி டப்பாவில் போட வைக்கும். ஆனால் சில நிபந்தனைகளை விட்டுக்கொடுக்க மாட்டேன். பிரேக்கில் பழைய ரப்பர் ஒன்றுகூடத் திரும்பப் போடக் கூடாது. சக்கரம் தரையைத் தொடும் முன் பழகிய ஒரு மெக்கானிக் முழுவதையும் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். முதல் ஓட்டம் காம்பவுண்டுக்குள், நடை வேகத்தில். இவற்றுக்குச் சம்மதமில்லாதவர் வண்டியைத் தொடாமல் இருப்பதே நல்லது.

அப்படிப் பார்த்துச் சொல்ல ஆள் கிடைப்பாரா என்றால், மதுரையைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் அதிகமில்லை. டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911-ல் தொடங்கிய போக்குவரத்துத் தொழில் இந்த ஊரில்தான் வேரூன்றியது. பஸ் ஓட்டுவதோடு அது நிற்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் ரேஷனில் போனபோது கரிவாயுவில் ஓட்டும் கருவியைச் செய்து பஸ்களில் பொருத்தியது அந்த நிறுவனம். 1972-ல் பஸ் சேவை அரசுடைமையாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகமானது. அதே குடும்பத்துத் தொழில்கள் சென்னைப் பாடியில் 1961-ல் லூகாஸ்-டி.வி.எஸ். ஆகவும், 1962-ல் கெர்லிங் தொழில்நுட்பத்தோடு பிரேக்ஸ் இந்தியாவாகவும் கிளைத்தன. ஹெரால்டு வகை வண்டியின் மின்சாரம் லூகாஸ் மரபு, பிரேக் கெர்லிங் மரபு என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த வண்டிக்கு மதுரை அயலூர் இல்லை. பெரிய நிறுவனங்களுக்கு வெளியேயும் இங்கே ஓர் அறிவு இருக்கிறது. நான் அதை இன்னும் உயர்வாக மதிக்கிறேன். பெரியாற்றுத் தண்ணீர் எட்டாத உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து புஞ்சைக் காடுகளில் கிணற்று மேட்டு ஆயில் இன்ஜினை வைத்துத்தான் இறைவை நடந்தது. கோடையில் கிணறு வற்றி இன்ஜின் மாதக்கணக்கில் நிற்கும். மழை வந்ததும் இறுகிய பிஸ்டனை மண்ணெண்ணெய் விட்டு இளக்கி எழுப்புவார்கள். நின்ற இன்ஜினை எழுப்புவது அந்த விவசாயிக்குப் பொழுதுபோக்காக இருந்ததில்லை. பயிர் அதை நம்பி நின்றது. அந்தக் கைகளின் வாரிசுகள்தான் இன்று லேத் பட்டறையிலும் மோட்டார் காயில் கட்டும் கடையிலும் இருக்கிறார்கள். டிரம் கடைவது, சிலிண்டர் போரிங், புஷ் செய்வது, டைனமோ கட்டுவது, இவற்றைக் கற்பவர் தாமே செய்யக் கூடாது. அவர்களிடம் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்துவிடாமல், அனுமதி கேட்டு நின்று பார்க்க வேண்டும். பாதிப் படிப்பு அங்கேதான்.

கற்பவர் தவறும் இடம் பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும். ஹெரால்டின் போல்ட்டுகள் அங்குலக் கணக்கு. இப்போது கடையில் கிடைக்கும் ஸ்பானர் செட் மில்லிமீட்டர் கணக்கு. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர், 13 ஸ்பானர் அதில் உட்காரும், ஆனால் தளர்வாக. துருப்பிடித்த நட்டில் அதைப் போட்டு இழுத்தால் முனை மழுங்கி நட்டு உருண்டையாகிவிடும். அதன்பின் உளிதான். ஓர் அங்குல ஸ்பானர் செட்டுக்கு முதலில் செலவழிப்பவர் பத்து உளி வேலையை மிச்சப்படுத்துகிறார். இன்னொன்று, அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். பாராமல் மாற்றிக் கட்டினால் புகைதான் வரும்.

அடுத்த மறுப்பு நடைமுறைக்காரர்களிடமிருந்து வரும். ‘ஸ்பேர் கிடைக்காது. பழைய இன்ஜினைத் தூக்கிவிட்டு மாருதி இன்ஜினைப் போட்டால் நாளைக்கே ஓடுமே!’ ஸ்பேர் கிடைக்காது என்பது பாதி உண்மைதான். ஸ்பிட்ஃபயர் உறவு இங்கே கைகொடுக்கிறது; பிரிட்டனில் அந்த வண்டிக்கு இன்றும் டிரன்னியன் முதல் சீல் வரை புதிதாகவே செய்கிறார்கள், அவற்றில் பல ஹெரால்டுக்கும் அப்படியே பொருந்தும். வாங்குமுன் அளவு பார்க்க வேண்டும், விலை கொஞ்சம் கூடத்தான். இன்ஜின் மாற்றுவதைப் பற்றி என் தீர்ப்பு உறுதியானது: கூடாது. 948 சி.சி. இன்ஜினுக்கு அளந்து செய்த பிரேக்கும் அச்சும் கொண்ட வண்டி அது. இந்த வண்டிகளின் பின்சக்கரங்கள் வேகமான திருப்பத்தில் உள்ளே மடங்கும் குணமுள்ளவை. அதில் கூடுதல் வேகத்தைக் கொண்டுபோய் வைப்பது தேருக்கு முட்டுக்கட்டைக்காரரைக் குறைத்துவிட்டு வடத்தில் ஆளைக் கூட்டுவது போல. இன்ஜின் மாற்றத்தின் பக்கம் சட்டமும் நிற்கவில்லை. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதியின்படி 50 ஆண்டு கடந்த, மூல வடிவம் மாறாத, அடிச்சட்டத்திலோ உடல்கூட்டிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்குத்தான் ‘வி.ஏ.’ எழுத்துள்ள விண்டேஜ் பதிவு. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். தினசரி ஓட்டத்துக்கும் வாடகைக்கும் அந்த வண்டியை விடக் கூடாது. அறுபதுகளின் ஹெரால்டு அத்தனையும் இன்று இந்த வயதைக் கடந்துவிட்டன. இன்ஜினை மாற்றிய அன்றே அந்த வாசல் மூடிக்கொள்ளும்.

புகையைப் பற்றிக் கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். பழைய இன்ஜின் கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் புதிய இன்ஜினைவிட அதிகம் மாசு செய்யும். இதை மறைக்க நான் வரவில்லை. பேருந்தாகவோ டாக்ஸியாகவோ அதை ஓட்டச் சொன்னால் நானே எதிர்ப்பேன். திருவிழாவுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் எடுக்கும் வண்டி ஆண்டில் ஓடுவது மிகக் குறைவு. சரியாக டியூன் செய்து, கார்புரேட்டரைச் சுத்தமாக வைத்து ஓட்டுவதே அதன் கடமை. செலவைப் பற்றியும் நேரே சொல்கிறேன். எழுப்பி முடிக்கும்போது, வண்டியை விற்றால் கிடைக்கும் விலையைவிட அதிகம் போயிருக்க வாய்ப்பு உண்டு. லாபத்துக்காக இறங்குகிறவர் இறங்க வேண்டாம். கிடைப்பது தொழிலறிவு. ஒரு வண்டியை முழுவதும் கழற்றிப் பூட்டியவர் அதன் பிறகு எந்த இயந்திரத்தின் முன்னும் கைகட்டி நிற்க மாட்டார். இன்னொரு புதுச் சிக்கல் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைச் சிதைக்கும். அதைத் தாங்கும் ஹோஸையும் பம்ப்பின் டயஃப்ரமையும் முதலிலேயே போட்டுவிட வேண்டும். வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தும்போது கார்புரேட்டரில் பெட்ரோல் தங்கவிடக் கூடாது. நாட்டின் எரிபொருள் கொள்கை நம் பழைய வண்டிக்காக நிற்காது. நாம்தான் அதற்கேற்ப வண்டியைத் தயார் செய்ய வேண்டும்.

எல்லா வண்டியையும் எழுப்ப முடியுமா என்றால், முடியாது. அடிச்சட்டம் ஸ்குரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போகும் அளவுக்கு அரித்திருந்தால் அந்த வண்டியை இன்னொரு வண்டிக்கு உறுப்பு கொடுக்க விட்டுவிடுவதே நியாயம். முதல் நாள் செய்ய வேண்டிய சோதனை அதுதான். தண்ணீர் தேங்கும் மூலைகளில், பக்கச் சட்டங்கள் பிரியும் இடங்களில் சுத்தியால் தட்டி ஓசையைக் கேட்டாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். சட்டம் தேறிவிட்டால் மற்றவை எல்லாம் நாட்கள் கேட்கும் வேலைகள், அவ்வளவே.

உங்கள் வீட்டிலோ சொந்தக்காரர் தோட்டத்திலோ இப்படி ஒரு வண்டி நின்றிருந்தால், கிலோ விலைக்கு ஆள் பேசுவதற்கு முன் எனக்காக ஒன்று செய்யுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை தார்ப்பாயை விலக்கி, முன்மூடியைச் சாய்த்து, நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றுங்கள். ஒவ்வொரு துளையிலும் இரண்டு கரண்டி எண்ணெய் விடுங்கள். தூசி விழாமல் துணியால் மூடுங்கள். பேட்டரி இருந்தால் அதன் இணைப்பைக் கழற்றுங்கள். பிறகு சாவியை வீட்டுக்குள் பத்திரமாக வைத்துவிட்டு, பின்சக்கரத்து டிரம்மைக் கழற்றத் தொடங்குங்கள்.